தொட்டியைப் புதைக்கலாம், வழியைப் புதைக்கலாகாது

மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைப் பற்றிப் பள்ளிப் பாடநூலில் படிக்காதவர் நம்மில் குறைவு. ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்ட அந்தச் செங்கல் குளத்தில், நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசியிருந்தார்கள் என்பது பலரும் வியந்து கூறும் செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. குளத்து நீரை வெளியேற்றும் வாய்க்கால், ஓர் ஆள் உள்ளே சென்று வரும் அளவுக்கு உயரமாகக் கட்டப்பட்டிருந்தது. அந்நகரத் தெருக்களின் வடிகால்களும் எடுத்து வைக்கத்தக்க செங்கற்களாலும் கற்பலகைகளாலும் மூடப்பட்டிருந்தன. நீர் ஓடும் வழியை மறைத்தவர்கள், வேண்டும்போது அதைத் திறக்கவும் வழி செய்திருந்தார்கள்.

நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்த விவேகம், இன்று புதிதாக எழும் வீடுகளில் பல நேரங்களில் காணக் கிடைப்பதில்லை. லோனாவாலா, குடகு போன்ற மலைப்பகுதிகளின் விடுதிகளிலும், பெருநகரங்களின் தனி வீட்டு மொட்டை மாடிகளிலும் ‘ஹாட் டப்’ எனப்படும் வெந்நீர்த் தொட்டி இப்போது இடம்பெற்று வருகிறது. நம் நாட்டில் பலரும் இதை ‘ஜக்குஸி’ என்றே அழைக்கின்றனர். தொட்டியைத் தரையோடு தரையாகப் பதித்து, சுற்றிலும் ‘டெக்’ என்னும் மரத்தளம் அமைத்தால் அழகாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மரத்தளத்தின் அடியில் மோட்டாரும் மின்கம்பியும் குழாய் இணைப்புகளும் இருக்கின்றன. அவற்றை அடைய வழியில்லாமல் தளத்தை அமைத்துவிட்டால், சிறு கசிவு ஒன்றே பெருஞ்செலவாக முடியும். இத்தகைய வசதியை வீட்டில் அமைக்க எண்ணுவோர் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

மருத்துவத் தேவையில் பிறந்த வசதி

இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஜக்குஸி குடும்பத்தினர், விமான உந்துவிசிறிகளையும் பின்னர் வேளாண் பம்புகளையும் தயாரித்து வந்தவர்கள். அக்குடும்பத்தைச் சேர்ந்த கேண்டிடோ ஜக்குஸியின் மகனுக்குச் சிறு வயதிலேயே முடக்குவாதம் கண்டது. மருத்துவமனையில் அளிக்கப்பட்ட நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே தரும் நோக்கில், குளியல் தொட்டியினுள் வைக்கத்தக்க சிறிய பம்ப் ஒன்று உருவாக்கப்பட்டது. 1956இல் அது ஜே-300 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968இல் ராய் ஜக்குஸி, நீர்த்தாரைகளைத் தொட்டியின் சுவரிலேயே பொருத்திய முழுமையான அமைப்பை வடிவமைத்தார்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தொடக்கத்தில் பம்ப் தொட்டிக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட தனிப் பொருள். பழுதானால் கையில் எடுத்துச் சென்று சீர்செய்துவிடலாம். அது தொட்டியின் உடலோடு ஒன்றிய பின்னரே, ‘பழுதுபார்ப்பவர் எங்கே நுழைவார்?’ என்னும் கேள்வி பிறந்தது.

பலகையின் அடியில் இருப்பவை

வெந்நீர்த் தொட்டி ஒரு பாத்திரமன்று, சிறியதோர் இயந்திரக்கூடம். நீரைச் சுழற்றும் பம்ப், சூடாக்கும் ஹீட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி, சில வகைகளில் காற்றூதி, வடிகட்டி, ஒவ்வொரு நீர்த்தாரைக்கும் செல்லும் குழாய்கள், அவற்றை இணைக்கும் பற்பல மூட்டுகள் ஆகிய அனைத்தும் தொட்டியின் வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் இடையே அமைந்திருக்கின்றன.

இவற்றுள் எதுவும் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் பொருளன்று. பம்பின் அச்சில் உள்ள ‘சீல்’ தேயும். ரப்பர் வளையங்கள் வெப்பத்தாலும் குளோரினாலும் இறுகிப் போகும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில், ஹீட்டரின் மீது சுண்ணாம்புப் படிவு ஏறி அதன் ஆயுளைக் குறைக்கும். சிம்லா, மணாலி போன்ற குளிர்ப் பகுதிகளில் குழாயில் தங்கிய நீர் உறைந்து விரிந்து, மூட்டைப் பிளக்கவும் கூடும். ஆகவே பழுது ஏற்படுமா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. அது ஏற்படும் நாளில் பழுதுபார்ப்பவர் அரை மணி நேரத்தில் அவ்விடத்தை அடைவாரா, இரண்டு நாள் தளத்தைப் பெயர்த்த பிறகு அடைவாரா என்பதே கேள்வி.

முதலில் எடைக் கணக்கு

வழியைப் பற்றிப் பேசும் முன், தொட்டி எதன்மீது நிற்கப்போகிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 2.1 மீட்டர் சதுர அளவுள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 1,500 லிட்டர் நீர் கொள்ளும் எனில், நீரின் எடை மட்டுமே 1,500 கிலோ. வெற்றுத் தொட்டி 350 கிலோ, அமர்வோர் ஐவரின் எடை 350 கிலோ எனக் கூட்டினால் மொத்தம் 2,200 கிலோ ஆகிறது. அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ.

கட்டடச் சுமைகள் பற்றிய இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவும், ஆட்கள் ஏறிச் செல்லும் மொட்டை மாடிக்குச் சுமார் 150 கிலோவும் சுமையாகக் கொள்கிறது. நமது தொட்டியின் சுமை, மாடிக்குரிய அளவைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். எனவே மாடியில் வைப்பதாயின் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இன்றியமையாதது. தரைத்தளத்திலும் கெட்டித்த மண்ணின்மீது கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வேண்டும்.

மரத்தளம் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், தொட்டியின் எடையை அதன்மீது ஏற்றலாகாது. தொட்டி தன் அடிப்பாகத்தால் கான்கிரீட்டின்மீது நிற்க வேண்டும். மரத்தளம் தனக்கெனத் தனிக் கால்களில் நிற்க வேண்டும். தொட்டியின் விளிம்பில் மரத்தளம் தாங்கி நிற்குமாறு அமைத்தால் விளிம்பு விரிசல் காண்பதோடு, பலகைகளைக் கழற்றுவதும் கடினமாகிவிடும்.

எவ்வளவு ஆழம் பதிக்கலாம்?

தொட்டியின் விளிம்பும் தரையும் ஒரே மட்டத்தில் இருப்பதைப் பலர் விரும்புகின்றனர். ஆனால் பாதியளவு மட்டும் பதிப்பதே பல வகையிலும் நன்று. 90 சென்டிமீட்டர் உயரமுள்ள தொட்டியில் 45 சென்டிமீட்டர் மரத்தளத்துக்கு மேலே தெரியட்டும். அது நாற்காலியின் உயரம். முதியவர் விளிம்பில் அமர்ந்து கால்களை உள்ளே திருப்பி இறங்கலாம். ஓடியாடும் குழந்தை தடுக்கி உள்ளே விழும் ஆபத்தும் குறையும். மழைநீரோடு சேர்ந்து சருகும் மண்ணும் தொட்டிக்குள் புகுவதும் தவிர்க்கப்படும்.

பழுதுபார்ப்புக்கும் இதுவே உகந்தது. தொட்டியின் பக்கப் பலகையில் பாதி எப்போதும் வெளியே இருப்பதால், ஓரத்து மரப்பலகைகளை எடுத்தவுடன் ஒருவர் முழங்கால் ஆழக் குழியில் இறங்கி நின்று வேலை செய்ய முடியும். முழுவதும் பதிப்பதாயின், தொட்டியைச் சுற்றி ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிலவறை போன்ற குழி கட்ட வேண்டும். அதற்கு ஏணி, வடிகால், காற்றோட்டம் என ஒவ்வொன்றும் தனிச் செலவு.

பழுதுபார்க்கும் வழிக்கு ஆறு விதிகள்

முதலாவதாக, இயந்திரங்கள் எந்தப் பக்கத்தில் உள்ளன என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்து, அப்பக்கத்தைச் சுவரை நோக்கி வைக்காதீர்கள். தொட்டி வந்திறங்கும் நாளில் அழகைக் கருதித் திருப்பி வைத்துவிடுவது எளிது. நீர் நிரப்பிய பின் திருப்புவது இயலாது.

இரண்டாவதாக, அப்பக்கத்தில் 60 முதல் 90 சென்டிமீட்டர் அகலம் வரை வெற்றிடம் இருக்கட்டும். கையேட்டில் இதைவிட அதிகம் கேட்கப்பட்டிருந்தால் அதுவே இறுதி. கை மட்டும் நுழையும் துளையால் பயனில்லை. ஆள் குனிந்து இரு கைகளாலும் பம்பைத் தூக்க இடம் வேண்டும். குழாய்கள் நான்கு புறமும் செல்வதால், மற்றப் பக்கங்களிலும் குறுகிய வழியாவது இருத்தல் நலம்.

மூன்றாவதாக, அவ்விடத்தின் மேலுள்ள மரத்தளத்தைக் கழற்றத்தக்க பகுதிகளாக அமைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பகுதியும் தனக்கெனச் சட்டம் உடையதாய், கீழுள்ள குறுக்குச் சட்டங்களின்மீது உட்கார்ந்திருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் கனமுள்ள தேக்குப் பலகையில் 90 சென்டிமீட்டர் சதுரத்துக்குச் செய்தால், சட்டத்துடன் ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். இருவர் எளிதில் தூக்கலாம். ஆணி அடிக்கலாகாது. துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூக்களே ஏற்றவை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையாயின், வெயிலில் அது விரியும் என்பதால் இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். இல்லாவிடில் கோடையில் பலகை இறுகி, திறக்க வராது.

நான்காவதாக, குறுக்குச் சட்டங்கள் வழியை மறிக்கலாகாது. மேலே பலகை கழன்றாலும், கீழே சட்டம் ஒன்று நடுவில் ஓடுமாயின் பம்பை வெளியே எடுக்க இயலாது. தச்சர் சட்டங்களைப் பொருத்தும் முன்னரே, வழியின் அளவைத் தரையில் சுண்ணாம்பால் வரைந்து காட்டிவிடுங்கள்.

ஐந்தாவதாக, பம்புக்கும் ஹீட்டருக்கும் இரு புறமும் கழற்றத்தக்க ‘யூனியன்’ இணைப்புகளும் அடைப்பு வால்வுகளும் இருக்கின்றனவா எனச் சரிபாருங்கள். இவை இருந்தால் தொட்டியின் நீரை வெளியேற்றாமலே பம்பை மாற்றிவிடலாம். 1,500 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 38 பாகை செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ 23 யூனிட் மின்சாரம் செலவாகும். 3 கிலோவாட் ஹீட்டர் அதற்கு எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நீரைக் கொட்டாமல் வேலை முடிந்தால் அவ்வளவும் மிச்சம்.

ஆறாவதாக, தொட்டியையே ஒரு நாள் வெளியே எடுக்க வேண்டிவரும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அது வந்த வழியில் பின்னர் சுவரோ, பந்தலோ, மாடிப்படியோ எழுப்பினால், வெளியேறும் வழி அடைபட்டுவிடும். கிரேன் மூலம் இறக்கியிருந்தால், மீண்டும் கிரேன் வந்து நிற்கும் இடமும் காலியாக இருக்க வேண்டும்.

அடியிலும் மழை பெய்யும்

கொங்கண், மலபார்க் கடற்கரையில் பருவமழை பொழியும் நாட்களில், மரத்தளத்தின் இடைவெளிகள் வழியே இறங்கும் நீர் குறைவானதன்று. கான்கிரீட் தளத்தைச் சற்றுச் சரிவாக இட்டு, தாழ்ந்த முனையில் வடிகால் வையுங்கள். வடிகாலின் வாயில் வலையும், அதைத் துப்புரவு செய்ய மேலே ஒரு கழற்றும் பலகையும் இருக்கட்டும். வடிகால் இல்லாத குழியில் நீர் தேங்கி மோட்டாரைத் தொடுமானால், அந்தப் பம்பை மாற்றுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இராது.

தேங்கிய நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாட்களிலேயே பெருகிவிடும். இருளும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தை எலியும் நாடும். அது மின்கம்பியைக் கடித்தால் பழுதும் விபத்தும் ஒருங்கே நேரும். பக்கங்களைக் காற்று புகும் உலோக வலையால் அடைத்து, கட்டுமானத்தின்போதே கரையான் தடுப்பு மருந்திட்டு, மாதம் ஒருமுறை பலகையைத் திறந்து டார்ச் விளக்கால் உள்ளே பாருங்கள். ஈரத்தின் முதல் அடையாளம் பெரும்பாலும் அப்போதே கண்ணில் படும். திறக்க எளிதாக இருந்தால்தான் இந்த வழக்கமும் நிலைக்கும்.

உயிர் காக்கும் இரு ஏற்பாடுகள்

நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் இது. தொட்டிக்குத் தனி மின்சுற்றும், 30 மில்லியாம்பியர் அளவில் செயல்படும் ஆர்.சி.சி.பி. கருவியும், முறையான எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும். முழு மின்னிணைப்பையும் துண்டிக்கும் சுவிட்ச், பழுதுபார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆனால் தொட்டிக்குள் இருப்பவரின் கைக்கு எட்டாத தொலைவில் அமைய வேண்டும். பலகையைத் திறக்கும் முன் அதை அணைப்பது மாறாத விதி. வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை இதற்குப் போதுமா என்பதையும் மின்வாரியத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மற்றோர் ஆபத்து, நீரை உறிஞ்சும் வாய். 2002இல் அமெரிக்காவில் கிரேம் பேக்கர் என்னும் ஏழு வயதுச் சிறுமி, வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சு வாயில் சிக்கி, மேலே வர இயலாமல் உயிரிழந்தாள். அவள் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவள் பெயராலேயே 2007இல் அங்கே நீச்சல் குளங்கள், வெந்நீர்த் தொட்டிகளின் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, ஆளை இழுத்துப் பிடிக்காத வகை மூடிகள் வலியுறுத்தப்பட்டன. உங்கள் தொட்டியிலும் அத்தகைய மூடி இருக்க வேண்டும். அது உடைந்தாலோ தளர்ந்தாலோ, மாற்றும் வரை தொட்டியைப் பயன்படுத்தலாகாது. நீரின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டவும் விடலாகாது. கருவுற்ற பெண்களும் இதய நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இறங்க வேண்டும்.

வரவு செலவில் வழியின் இடம்

இனிக் கணக்குக்கு வருவோம். தொட்டி, கான்கிரீட், மரத்தளம் யாவும் சேர்த்து ரூ.8,00,000 மதிப்பீடு என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கழற்றும் பலகைகள், கூடுதல் சட்டம், வடிகால், வால்வுகள் ஆகியவற்றுக்கு மேலும் ரூ.40,000 ஆகிறது எனக் கொள்வோம். இக்கூடுதல் தொகையை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.850 உயரும். வழியில்லாத தளத்தை ஒரே ஒருமுறை பெயர்த்து, தொட்டியைத் தூக்கி, மீண்டும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசித் தளம் அமைக்கும் செலவை உங்கள் ஊர் ஒப்பந்ததாரரிடம் கேட்டு, இத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடை அப்போதே தெளிவாகிவிடும். வாடகைக்கு விடும் விடுதியாயின், பழுதான நாட்களில் இழக்கும் வருமானத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு மேம்பாட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அளிக்கும் மதிப்பீட்டில், பழுதுபார்க்கும் வழியைத் தனி இனமாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். ‘மரத்தள வேலை’ என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டால், செலவைக் குறைக்கும் கட்டத்தில் முதலில் காணாமற்போவது அதுவே. தொட்டி போன்ற பொருட்களுக்குக் கடன் பொருந்துமா என்பதை உங்கள் கிளையில் முன்னரே கேட்டறிவதும் நன்று.

அடுக்கக வாசிகள் மற்றொன்றையும் கருத வேண்டும். மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், 2016 (ரெரா), மொட்டை மாடிகளைப் பொதுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துப்பூர்வ இசைவின்றி அங்கே எதையும் அமைப்பது வழக்குக்கு இடமளிக்கும். மேலும், கட்டமைப்புக் குறைகளை உடைமை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டினால், கட்டுநர் தம் செலவில் சீர்செய்ய வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. அக்காலத்தில் நீங்களே மாடியில் பெருஞ்சுமை ஏற்றினால், குறைக்குக் காரணம் யார் என்ற தகராறு எழலாம்.

காப்பீட்டிலும் கவனம் தேவை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீடு, நீர்த்தொட்டிகளும் குழாய்களும் வெடிப்பதாலோ வழிவதாலோ விளையும் சேதத்தை உள்ளடக்கியது. எனினும் மெல்ல மெல்லக் கசிந்து நேரும் தேய்மானமும் அரிப்பும் வேறு வகை. உங்கள் பாலிசியின் விலக்குகளைப் படித்துத் தெளிவு பெறுங்கள்.

இறுதித் தவணைக்கு முன் ஓர் ஒத்திகை

ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது, வேலை முடிந்து சோதனை நிறைவேறும் வரை நிறுத்தி வைப்பதாக முன்னரே எழுதிக்கொள்ளுங்கள். மரத்தளம் மூடப்படும் முன், குழாய்களும் கம்பிகளும் செல்லும் பாதையை அளவுநாடாவுடன் படமெடுத்து, கையேடு, உத்தரவாத அட்டை, வரைபடம் ஆகியவற்றோடு வீட்டுப் பத்திரங்களின் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும் காலத்தில், வாங்குபவருக்கு நம்பிக்கையூட்டும் ஆவணங்களாகவும் அவை பயன்படும்.

வேலை முடிந்த அன்று மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, பழுதுபார்க்கும் தொழிலாளியிடம் பலகைகளைக் கழற்றி, வால்வுகளை அடைத்து, பம்பை முழுவதுமாக வெளியே எடுத்து, மீண்டும் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சட்டத்தையும் அறுக்காமல், எந்தப் பலகையையும் உடைக்காமல் அவர் அதைச் செய்து முடித்தால், இறுதித் தவணைக்கான காசோலையில் கையொப்பமிடலாம். முடியாவிட்டால், திருத்தும் பொறுப்பு இன்னும் ஒப்பந்ததாரரிடமே இருக்கிறது. பணமும் இன்னும் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது.